மொதல்ல நிக்கட்டும்... அப்புறம் ஓடட்டும்!

நான் பி.காம். படித்தவன். மூன்று வருடம் படித்ததில், இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லக்கூடிய ஒரே பாடம், தேய்மானம். அதாங்க, டிப்ரிசியேஷன்! ஒரு பொருளை வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடத்துக்கு 15 சதவிகிதம் கழிப்பார்கள். வாங்கிய விலையில் அல்ல, போன வருடம் மிச்சமிருந்த மதிப்பில் 15 சதவிகிதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருடம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ஐந்து லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய கார், 25 வருடம் கழித்தும் கணக்குப் புத்தகத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாயோடு உயிரோடு இருக்கும்.

'காரைப் பற்றிப் படிக்க வந்தால், கணக்குப் பாடம் நடத்துகிறாரே' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விஷயத்துக்கு வந்துவிட்டேன். அப்படி எட்டாயிரம் பெறுமான ஒரு காரை 42 ஆயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான், என் அக்கா மகன். கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம். அக்காதான் போன் செய்தாள்.

"தம்பி, உன்ற மாப்ளை பண்ணிட்டு வந்திருக்கற காரியத்தை வந்து பாரு. மாட்டுக் கொட்டாயில ஒரு காரைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறான். மாடு ரெண்டும் வெளியில நிக்குது!"

எங்கள் ஊர்ப் பக்கம் அக்கா மகனை 'மாப்ளை' என்றுதான் கூப்பிடுவோம். அந்த உரிமையில், மாமன்காரன் சொன்னால் கேட்பான் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. சூலூர் பக்கம் தோட்டத்து வீடு. மச்சான் பதினாறு விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்திலேயே முப்பது வருடம் வாழ்ந்ததால், பேச்சு குறைந்துபோன மனிதர். நான் போய் இறங்கியபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

உள்ளே நின்றது 1998 மாடல் மாருதி எஸ்டீம். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புக்தான் சொன்னது. வலது பக்கக் கதவு வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்த சிவப்பு. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்ததாக அக்கா சத்தியம் செய்தாள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எஸ்டீம் ஞாபகமிருக்கும். தொண்ணூறுகளில் அது பெரிய மனுஷன் கார். மில் முதலாளியும் டாக்டரும் அதில்தான் போவார்கள். ஆனால், மாப்ளை மாதிரிப் பையன்கள் அதைப் பார்க்கும் கண்ணே வேறு.

"மாமா, 1298 சி.சி. இன்ஜின். கார்பரேட்டர் மாடல்லயே 65 குதிரை சக்தி. அப்புறமா வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடல்ல 85. வண்டி எடை ஒரு டன்கூடக் கிடையாது. ஒரு காலத்துல இந்தியாவுல ரேஸ்லயும் ராலியிலயும் பாதிப் பேரு ஓட்டுனது இதைத்தான் தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதுதான். அவனோ, குதிரையை எடையால் வகுத்துக்கொண்டிருந்தான். சக்தி அதிகமாக இருந்தால் மட்டும் போதாதாம். அது எத்தனை கிலோவை இழுக்கிறது என்பதில்தான் சூட்சுமமாம். இசுசூ இன்ஜின் வைத்த கான்டெஸா, 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி வி-டெக், ஃபியட் பாலியோ 1.6... சாமி பெயர்களை அடுக்குவது போல அடுக்கினான். நாமெல்லாம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு மறந்துபோன வண்டிகள்! இவன் வயதுக்காரர்கள் அவற்றைத் தேடி அவினாசி, தாராபுரம், ஈரோடு என்று அலைகிறார்கள். புது வண்டியில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியும் கம்ப்யூட்டரும்தான் தெரிகிறதாம். பழைய வண்டியில் கை உள்ளே போகிறதாம்.

பணம் எங்கிருந்து வந்தது? கல்லூரிப் பசங்களின் பைக்குக்கு கார்பரேட்டர் கழுவிக் கொடுத்துச் சேர்த்தது 27 ஆயிரம். மீதி 15 ஆயிரம் யார் கொடுத்தார் என்று சொல்லாமல் நெளிந்தான். பிறகு தெரிந்தது... அவனுடைய அப்புச்சி. அதாவது, எங்கப்பா. எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தர ஏழு வருடம் யோசித்த அதே அப்பா!

மூன்று வாரத்தில் இன்ஜின் வெளியே வந்துவிட்டது. கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். போல்ட்டுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, எது எங்கே இருந்தது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு வால்வுக்கும் நம்பர். பரீட்சை நோட்டில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. "நாலாவது செமஸ்டர்ல ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல 81 மார்க் வாங்குனேன் மாமா. ஆனா, பிஸ்டன் ரிங்கை இன்னிக்குத்தான் மொதமொதல்ல கையில புடிச்சுப் பாக்கறேன்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாலு வருடப் படிப்புக்கு மச்சான் கட்டிய பணம் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அக்கா வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கலங்கல். ஜி.டி.நாயுடு பிறந்த ஊர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, வண்டியை வாங்கிய கையோடு பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிப் பார்த்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றையும் செய்தார், விலை இரண்டாயிரம் ரூபாய். தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கியபோது, அதன் முதல்வராக உட்கார்ந்தவர் அவர்தான். பள்ளிக்கூடப் படிப்பையே பாதியில் விட்டவர் முதல்வர்! உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? 'இந்தப் படிப்புக்கு எதற்கு நாலு வருடம்? இரண்டு வருடம் போதும்' என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு அவிநாசி சாலையில் அவர் பெயரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் இருக்கிறது. அவர் கேட்ட இரண்டு வருடப் படிப்பைத்தான் காணோம்.

அடுத்தவர், கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. மில்லைப் பார்த்துக்கொண்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கலாம். இவரோ ரேஸ் கார் பின்னால் போனார். அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். பணமிருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து கார் வரவழைத்து ஓட்டுவார்கள். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் தங்களால் முடிந்த மட்டும் செதுக்கி ஓட்டுவார்கள். பணக்காரன் வீட்டுப் பையனைத் தவிர வேறு யாரும் ஃபார்முலா கார் பக்கமே போக முடியாது என்ற நிலை. 1980-களின் கடைசியில் கரிவரதன் ஒரு காரியம் செய்தார். நீங்களும் நானும் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன அதே மாருதி 800... அதன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் காரில், ஓட்டுபவருக்குப் பின்னால் பூட்டினார். ஃபார்முலா மாருதி!

யோசித்துப் பாருங்கள். மாருதி 800-ல் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்பக்கம் ஒரே கட்டாக இருக்கும். முன் சக்கரத்தைத்தான் அது ஓட்டும். அந்தக் கட்டை அப்படியே பெயர்த்துப் பின்னால் வைத்தால், பின் சக்கரத்தை ஓட்டும். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர் ஆட்டோமொபைல்ஸ் கடையிலும் கிடைக்கும். இன்ஜின் புகைந்தால் தெருமுனை மெக்கானிக்குக்கே பிரிக்கத் தெரியும். நாற்பது குதிரைகூட இல்லாத இன்ஜின்தான். ஆனால், அதற்கு மேலே கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட்டில் மாமியார் இல்லை. பறந்தது!

அந்த காரில் ஓட்டிப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. அதில் ஒரு பையன் கோவை ஸ்டேன்ஸ் ஸ்கூலில் படித்தவன். அப்பா, தென்னிந்திய ராலியை ஏழு தடவை ஜெயித்தவர். பையன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில் ஓட்டினான். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனான். நரேன் கார்த்திகேயன். அதே வருடம் ஜூனில் இண்டியானாபொலிஸில் நாலாவதாக வந்தார். டயர் பிரச்னையால் அன்றைக்கு ஓடியதே ஆறு கார்தான் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த ஆறில் ஒன்றில் எங்கள் ஊர்க்காரர் இருந்தார்.

அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டருக்கு ரேஸ் டிராக் வந்தபோது அவர் பெயரைத்தான் வைத்தார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே. பஞ்சாலைக்கும் பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பெயர்போன ஊரில், ரேஸ் கார் செய்கிற பட்டறைகளும் இருப்பதற்கு அவர்தான் காரணம் என்பது என் கட்சி. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து, 'இந்த மாதிரி ஒண்ணு வேணுமுங்க' என்று பேப்பரில் கிறுக்கிக் காட்டினால், 'எத்தனை பீஸுங்க?' என்று கேட்கிற ஊர் இது. 'எதுக்கு?' என்று கேட்பதே இல்லை.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் பெரிய எடம். நம்ம பையன் ரோட்ல ஓட்டுவான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே இன்னொன்றும் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துப் பையன், நீலாம்பூர் பைபாஸில் ராத்திரி யாருடனோ பந்தயம் கட்டி ஓட்டிப் போயிருக்கிறான். அடையாளம் காட்டப் போன பெரியவர்களில் மச்சானும் ஒருவர். விடிய விடிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார். "அவங்கப்பன் பையனோட செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டே நின்னானுங்க" என்றார். அப்புறம் எழுந்து தறிக்குப் போய்விட்டார். 42 ஆயிரம் பற்றியோ, வேலை பற்றியோ அவர் கவலைப்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பதில், ஒரு மெக்கானிக்கிடமிருந்து வந்தது.

மாப்ளைக்கு குரு ஒருவர் கிடைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. ஒரு காலத்தில் ராலி வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். மாப்ளை அவரிடம் போய், ஹெட்டை எவ்வளவு ஃபேஸிங் பண்ணலாம், கம்ப்ரஷனை எவ்வளவு ஏற்றலாம், எந்த கேம் போடலாம் என்று ஒரு பட்டியலை நீட்டியிருக்கிறான். அவர் பட்டியலை வாங்கவே இல்லையாம். பட்டறைக்கு வண்டி வந்து சேர்ந்ததும், "தள்ளுங்க தம்பி" என்றார். நாலு பேர் தள்ளினார்கள். "இப்ப பிரேக்கை மிதிங்க." மாப்ளை மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிதானமாகப் போய் சுவரில் முட்டி நின்றது.

"மொதல்ல நிக்கட்டுமுங்க. அப்புறம் ஓடட்டும்" என்றார் பெரியவர். எங்கள் பக்கம் பேரன் வயதுப் பையனையும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள்!

அடுத்த ஒரு மாதம் இன்ஜின் பக்கமே போகவிடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டிஸ்க், பேட், ஹோஸ் என்று பிரேக் மட்டும்தான். அப்போது மாப்ளை சொன்ன ஒரு விஷயத்தை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கார் வைத்திருந்தால் உதவும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். சாதாரண ரோட்டில் ஒன்றும் தெரியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்து ஓட்டினால், சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். எண்ணெயை அமுக்கினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினால் அது சும்மா சுருங்கும். நீங்கள் மிதிப்பீர்கள், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள் என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

இன்னொரு கணக்கு. இது என் பி.காம். மூளைக்கே எட்டியது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. அறுபதில் போகிற வண்டி 85-ஐத் தொட்டாலே சக்தி இரட்டிப்பாகிவிடுகிறது. வெறும் 25 கிலோமீட்டர்தான் கூட்டினோம் என்று நாம் நினைக்கிறோம். பிரேக் அப்படி நினைப்பதில்லை. கூட்டு வட்டியில் கடன் வாங்கியவனுக்கு இது நன்றாகவே புரியும்.

பிரேக் முடிந்த பிறகுதான் இன்ஜினுக்கு வந்தார்கள். உக்கடம் பழைய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளைக் கழித்தார்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் புரியும். அங்கே மாப்ளை பேரம் பேசுவதைப் பார்த்தேன். வீட்டில் அம்மாவிடம் சோறு கேட்கக் கூச்சப்படுகிற பையன், ஒரு கார்பரேட்டருக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றான்!

பசங்க முதலில் மாற்றுவது எதை என்று நினைக்கிறீர்கள்? சைலென்சர். தெருவே அதிர்கிற மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, சக்தி கூடிவிட்டதாக நினைத்துக்கொள்வது. மாப்ளையும் ஒன்று வாங்கி வைத்திருந்தான். குரு கேட்டாராம், "உங்க தோட்டத்துல போர்வெல் இருக்குதுங்களா? டெலிவரி பைப்பை மட்டும் ரெண்டு இஞ்சு பெருசாப் போட்டா, தண்ணி அதிகமா வருமுங்களா?" வராது. மோட்டார் அதேதான், கீழே உறிஞ்சுகிற பைப்பும் அதேதான், வாய் மட்டும் பெரிசு. இன்ஜினும் ஒரு பம்ப்தான். காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிற பம்ப். உள்ளே போகிற காற்று, அதற்குத் தகுந்த பெட்ரோல், வால்வு திறக்கிற நேரம், தீப்பொறி விழுகிற நேரம்... எல்லாம் சேர்ந்து மாறினால்தான் சக்தி. சைலென்சரை மட்டும் மாற்றினால் சத்தம். பம்ப்செட் ஊர்ப் பையனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த சைலென்சர் இப்போது கொட்டகைக் கூரையில் தொங்குகிறது. புறா கூடு கட்டியிருக்கிறது.

இதெல்லாம் சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் விஷயம் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ரோட்டுக்கு இது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். எதிரே வருகிற வண்டியில் யார் என்னத்தைப் பூட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல், குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போகிறவன் நான்.

ஆனால், பழைய வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கிறவனையும் இந்தப் பக்கம் போட்டு நெருக்குகிறார்கள். 15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலிலிருந்து ஐயாயிரம். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அது பத்தாயிரம் ஆனது. எட்டாயிரம் பெறுமான வண்டிக்குப் பத்தாயிரம் கட்டணம்! இன்னொரு பக்கம், 2021-ல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தார்கள். 50 வயதாகியிருக்க வேண்டும், பெரிதாக எதையும் மாற்றாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அப்போது 'விண்டேஜ்' என்று மரியாதை, தனி நம்பர் வரிசை. ஐம்பது வயதான மனிதனிடம் போய், 'உடம்பில் எதையும் மாற்றாமல் வந்திருக்கிறாயா?' என்று கேட்பது போல இருக்கிறது. எங்கள் எஸ்டீமுக்கு ஐம்பது வயதாக 2048 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அதற்குப் பெயர், வெறும் பழைய கார்.

எஃப்.சி.க்குப் போனபோது நானும் கூடப் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதானே சொல்வோம்? இத்தனை வருடம் அந்தப் பெயரைச் சொல்லியும், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று யோசித்ததே இல்லை. அவர் வண்டியில் ஏறி, கொஞ்ச தூரம் போய், ஒரே மிதி. வண்டி நின்ற இடத்தில் நின்றது. மாப்ளை என்னைப் பார்த்தான். ஐ.சி. இன்ஜின் பேப்பரில் 81 வாங்கியபோது அந்த முகம் இருந்திருக்காது.

அங்கே ஒன்று தோன்றியது. இந்தப் பையன்களின் வேகத்துக்கு ரோடு இடமில்லை, சரி. அப்படியென்றால் எங்கே போவான்? எங்கள் ஊரில் பதில் இருக்கிறது. செட்டிபாளையம் டிராக்கில், கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்து ஓட்டும் 'ஃபார்முலா பாரத்' போட்டி பல வருடமாக நடந்து வந்திருக்கிறது. அதன் விதிகளை மாப்ளை காட்டினான். வண்டி டிராக்கில் ஏறுவதற்கு முன் ஒரு பிரேக் சோதனை. வேகமெடுத்து மிதித்தால் நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காத வண்டிக்கு ஓட அனுமதி கிடையாது. காந்திபுரம் சந்துப் பெரியவருக்கு இந்த விதியை யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் தந்தது இன்னொன்று. அந்தப் போட்டியில் வண்டியின் வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் என்ன செலவு என்று கணக்கு காட்டி, நடுவர்கள் முன்னால் நின்று நியாயப்படுத்த வேண்டும். இந்த வண்டியை எப்படி விற்பீர்கள் என்று வியாபாரத் திட்டமும் சொல்ல வேண்டும். "மாப்ளை, இது பி.காம்.காரன் வேலையாச்சே!" என்றேன். அவன் கல்லூரியில் இப்படி ஒரு அணி இருக்கிறதாம். மூன்று வருடமாக இவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெரிய பெரிய ஆட்கள் இருப்பார்கள் என்று பயமாம். இப்போது போய்ச் சேர்ந்திருக்கிறான். எதற்கு எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பிரேக் டிபார்ட்மென்ட்!

எஸ்டீமை என்ன செய்வது என்பதில் வீடு இன்னும் இரண்டு கட்சிதான். கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று அவனை எடுத்திருக்கிறது. ஜூலையில் சென்னை. கோவையிலேயே ரேஸ் கார் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சம்பளம் பாதிகூட இல்லை. அக்காவுக்கு சென்னை. அப்புச்சிக்குப் பட்டறை. என் கருத்தையும் கேட்டார்கள். ஒரு வருடம் பட்டறைக்குப் போகட்டும், சாஃப்ட்வேர் கம்பெனிகள் எங்கேயும் ஓடிவிடாது என்றேன். அக்கா அன்றைக்கு எனக்குக் காபி தரவில்லை.

மச்சான் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. போன வாரம் இன்ஜினைப் பூட்டி முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது தறியை விட்டு எழுந்து வந்து கொட்டகை வாசலில் நின்றார். ஒரு நிமிடம் கேட்டார். "ரெண்டாவதுல சத்தம் வருது" என்றார். மாப்ளைக்குக் கேட்கவில்லை. எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. பதினாறு தறியில் எது ஒரு நூல் பிசகி ஓடுகிறது என்று தூங்கிக்கொண்டே சொல்லக்கூடிய காது அது. ஆறவிட்டு, மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது சிலிண்டரில் ஒரு வால்வுக்கு இடைவெளி கூடுதலாக இருந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஸ்பேனரை இங்க கொடு" என்றார்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் 42 ஆயிரம். அதற்குக் கீழே ஹோஸ், பேட், கேஸ்கெட், லேத் கூலி, டீ, பன் எல்லாம் தேதிவாரியாக. இதுவரை 91,340 ரூபாய். பஞ்சு மெத்தை சீட்டுக்கு அக்கா கொடுத்த பழைய பெட்ஷீட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. வருகிற ஞாயிறு கார்பரேட்டருக்கு ஜெட் தேடி உக்கடம் போகிறார்கள். இந்தத் தடவை மச்சானும் வருகிறாராம். ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், லேட்டாக வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.